நாலாவது கேமரா

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் டூவீலர் ஸ்டாண்டு வைத்திருக்கும் தேவநாதனுக்கு உட்காரத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். வாசல் மேசைக்குப் பின்னால் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. வாங்கி ஏழு வருஷமாகியும் புதுக் கருக்குக் குலையவில்லை. அதில் பேப்பர் உட்காரும், டிபன் கேரியர் உட்காரும், மழை நாளில் யாருடைய ஹெல்மெட்டாவது உட்காரும். தேவநாதன் மட்டும் காலை ஐந்தரையிலிருந்து வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருப்பார். ஒரு வண்டியின் கண்ணாடியை மடக்குவார், இன்னொன்றின் ஹேண்டிலை நேராக்குவார், ஒன்றும் கிடைக்காவிட்டால் நேராக இருக்கிற வண்டியையே மறுபடி நேராக்குவார்.

எல்லாம் பழைய உத்தியோகத்தின் வினை. பதினெட்டு வருஷம் திண்டிவனம் – விழுப்புரம் ரூட்டில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று பழகிய கால்கள். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டு, இந்தத் தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்த பிறகும், பஸ்ஸை விட்டு இறங்கியாகிவிட்டது என்ற செய்தி அந்தக் கால்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஊரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் இன்றுவரை கூப்பிடுகிறது.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. முகம். ஒருதரம் பார்த்த முகத்தை மறக்க மாட்டார். கூட்டேரிப்பட்டில் ஏறி, டிக்கெட் வாங்காமல் விக்கிரவாண்டி வரை தூங்குவதுபோல் நடிக்கிறவனை, மூச்சுவிட இடமில்லாத கூட்டத்தில் பின்படியில் நின்றபடியே பிடித்துவிடுவார். மற்ற கண்டக்டர்கள் தலையை எண்ணினார்கள், அவர் முகத்தை எண்ணினார். ஸ்டாண்டையும் அப்படியே நடத்தினார். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் அட்டை டோக்கன். மாதக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு டோக்கனே கிடையாது. உங்க மூஞ்சிதான் டோக்கனு என்று சொல்லிவிடுவார். நர்சுகளுக்கும் டீச்சர்களுக்கும் அது பிடித்திருந்தது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய களைப்பில் பையைக் குடைந்து அட்டையைத் தேடவேண்டியதில்லை. அவர்கள் சந்து முனையில் திரும்பும்போதே வண்டி வெளியே வந்து நிற்கும். திண்டிவனத்தில் வேறு எந்த ஸ்டாண்டிலும் அந்த மரியாதை கிடைக்காது.

அந்த மரியாதைதான் அவரைக் கவிழ்த்தது.

அருணா விழுப்புரத்தில் ஒரு தனியார் லேபில் வேலை பார்க்கிற பெண். ரோஷணையில் வீடு. காலையில் ஸ்கூட்டரில் மகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, நேராக இங்கே வந்து வண்டியை விட்டு பஸ் ஏறுவாள். முன்பெல்லாம் கணவனும் அதே மெரூன் கலர் ஸ்கூட்டரில் கூட வருவான். வண்டியை நிறுத்திவிட்டு இவள் விழுப்புரம் பஸ்ஸும் அவன் புதுச்சேரி பஸ்ஸும் ஏறுவார்கள். ஒரு வருஷமாக அவள் மட்டும்தான் வருகிறாள். ஏன் என்று தேவநாதன் கேட்டதில்லை. யார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்பதோடு கண்டக்டரின் விசாரணை முடிந்துவிடும்.

போன வாரம் திங்கட்கிழமை, பதினொன்றே முக்காலுக்கு அந்தக் கணவன் வந்தான். தாடி விட்டிருந்தான், தோளில் கறுப்புப் பை. அவ்வளவு தாடிக்குள்ளிருந்தும் தேவநாதன் ஒரே பார்வையில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் வந்த சந்தோஷத்தில் மற்றது எதுவும் தோன்றவில்லை. பார்த்து ரொம்ப நாளாயிற்றே என்று விசாரித்தார். அருணா வண்டியை சர்வீசுக்கு விடச் சொன்னதாக அவன் சொன்னான். கையில் சாவி இருந்தது. தேவநாதன் தானே உள்ளே போய், குறுக்கே நின்ற இரண்டு பைக்கை நகர்த்தி, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, சீட்டைத் துணியால் துடைத்தும் கொடுத்தார். ஸ்டாண்டைப் பெருக்கி, மத்தியானம் அவர் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம் மேசையையும் பார்த்துக்கொள்கிற முனியம்மாள் அப்போது தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் அருணா வந்து வெறும் இடத்தைப் பார்த்து நின்றாள். தேவநாதன் சிரித்துக்கொண்டே நெருங்கினார். உங்க வூட்டுக்காரரு எடுத்துக்கினு போனாரே என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். அந்தப் பக்கம் அண்ணன் என்ன கேட்டானோ, இவள் சொன்னாள்:

"இல்லண்ணா, அவரா இருக்காது. அவரு திருப்பூர்ல இருக்காரு. கோர்ட்டுல தீர்ப்பு சொன்னப்புறம் இந்தப் பக்கமே வர்றதில்ல."

தேவநாதன் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அருணா போனைக் காதிலிருந்து எடுக்காமலே தேவநாதனைப் பார்த்து, எப்போது போயிருக்கும் அண்ணா என்று கேட்டாள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷம் ஊர் முகத்தையெல்லாம் பார்த்தவருக்கு, தன் முகத்தைப் பத்துப் பேர் பார்ப்பது தாங்கவில்லை. மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தேன், அப்போதுதான் போயிருக்கும் என்றார். வாய் தவறி வந்த வார்த்தை என்று அன்றைக்கு ராத்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாய் தவறியது நிஜம். ஆனால் மறுநாள் காலையில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அதற்கடுத்த நாளும் திருத்தவில்லை. இந்த இடத்தில் அவருக்காகப் பரிந்து பேச என்னிடம் ஒன்றுமில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மேசையில் இருந்தது யார் என்பது அடுத்த கேள்வி. அருணா புகார் எழுதிக்கொடுத்த மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். கேமரா இருக்கிறதா என்றார், இல்லை என்றதும் முனியம்மாளைக் கூப்பிட்டார். சந்தில் போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க அவள் அரைமணி நேரம் நின்று பதில் சொன்னாள். நான் எங்கயும் போவல சார், ஒரு மணியிலருந்து ரெண்டு மணி வரைக்கும் யாரும் அந்த வண்டிய எடுக்கல என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். உண்மையைச் சொல்கிறவர்களுக்கு வேறு வாக்கியம் ஏது. போலீஸ்காரர் குறித்துக்கொண்டு போய்விட்டார். ஊர் அப்படிப் போகவில்லை. வெறும் பொம்பள ஒருத்திய உக்கார வச்சா இப்படித்தான் என்றார்கள் சிலர், அவளுக்கும் பங்கு இருக்கும் என்றார்கள் சிலர். கிடங்கலில் அவள் தெருவரைக்கும் பேச்சு போனது. காலையில் அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டில், கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஸ்டாண்டுக்கு மட்டும் தவறாமல் வந்தாள். பெருக்கினாள், ஒரு மணிக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தேவநாதனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாதக் கட்டணக்காரர்களில் மூன்று பெண்கள் எதிர்ச் சாரியில் உள்ள ஸ்டாண்டுக்கு மாறிவிட்டார்கள். அங்கே கேமரா இருக்கிறதாம். மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். எப்பண்ணா கேமரா வைக்கிறீங்க என்பதுதான் இப்போது காலை வணக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை அமாவாசை வேறு. மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் பிடிக்கச் சுற்றுக் கிராமத்திலிருந்தெல்லாம் வந்து வண்டியை இங்கேதான் விடுவார்கள். சந்து வரைக்கும் நிற்கும், எல்லாம் முன்பின் தெரியாத முகங்கள். அன்றைக்கு இன்னொரு வண்டி போனால் ஸ்டாண்டை இழுத்து மூட வேண்டியதுதான். தேவநாதன் அவசரத்தில் முதலில் போர்டு எழுதி மாட்டினார்: இவ்விடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது. அதைப் படித்துவிட்டு எல்லோரும் அண்ணாந்து பார்த்து, எங்கே என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை, சீட்டு எடுத்த பணம் இருபதாயிரத்தைச் சட்டை உள்பையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார். அதற்கு மேல் புரட்ட வழியில்லை.

பஸ்ஸில் பாதி சீட்டு காலி. அவர் பின்படிக்கருகே கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டார். கண்டக்டர் பையன் மரியாதையாக உட்காரச் சொன்னான், இவர் இருக்கட்டும் என்றார். மயிலம் முனையில் இறங்குவோமா என்று தோன்றியது. இறங்கி எதிர் பஸ் பிடித்து, நேராக ஸ்டேஷனுக்குப் போய், வண்டியை யார் எடுத்தது என்று சொல்லிவிட்டால் என்ன? பஸ் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், இவர் இறங்கவில்லை. விக்கிரவாண்டியிலும் அதே யோசனை, அதே கதை. கேமரா வந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டார். இதைத்தானே ஊரே கேட்கிறது?

விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் ஹம்தானின் கடை. கோட்டக்குப்பத்துக்காரர். ஷார்ஜாவில் நாலு வருஷம் கேமரா மாட்டும் வேலை பார்த்துவிட்டு வந்து, இங்கே சொந்தமாகத் தொழில் வைத்திருக்கிறார். விலையைச் சொல்வதற்கு முன்னால் இடத்தைக் கேட்கிற ரகம். ஸ்டாண்டு எத்தனை அடி, வாசல் எத்தனை, கூரை உயரம் என்ன என்று கேட்டு ஒரு தாளில் படம் போட்டார். தேவநாதன் நிலைகொள்ளாமல் கடைக்குள்ளேயே நடந்தார். கண்ணாடி அலமாரியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு அழகாக ஒரு கேமரா இருந்தது. விலை முந்நூறுதான். இதையே பத்து வாங்கிவிடலாமே என்றார்.

அது டம்மி என்றார் ஹம்தான். உள்ளே ஒன்றும் கிடையாது, பேட்டரியும் விளக்கும்தான். பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள், அது எதையும் பார்க்காது. தேவநாதன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதையும் பார்க்காத கேமரா. இந்த நேரத்தில் அவருக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் உலகத்தில் இல்லை. எதிர்ச் சாரி ஸ்டாண்டில் இருப்பதும் இதுதான் என்று அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று. வேறொரு நாளாக இருந்தால் அதைச் சொல்லியே அந்த மூன்று பெண்களையும் திருப்பி அழைத்து வந்திருப்பார்.

ஹம்தான் தாளைத் திருப்பிக் காட்டினார். அவர் கணக்கு நேரானது. இருபதாயிரத்துக்கு நாலு கேமரா இணைகிற பெட்டிதான் வரும். எட்டு இணைகிற பெட்டி என்றால் வயர், டிஸ்க், கேமரா எல்லாமே ஏறி முப்பத்தைந்தைத் தாண்டும். ஆன்லைனில் வருகிற வைஃபை கேமரா சல்லிசு, ஆனால் தகரக் கூரைக்கடியில் சிக்னல் விட்டுவிட்டு வரும், களவு போகிற நிமிஷத்தில்தான் விட்டுப்போகும். டிஸ்க்கில் சின்னதை வாங்கினால் பதினைந்து நாள் படம் இருக்கும், பிறகு பழையது தானாக அழிந்து புதியது ஏறும். அது போதும். காசை வாசல் கேமராவில் போடுங்கள், அது மட்டும் உசத்தியாக இருக்கட்டும், ஆள் உயரத்தில் மாட்டினால் முகமும் நம்பர் பிளேட்டும் விழும். உச்சாணியில் மாட்டினால் தலைமுடிதான் விழும். மற்றதில் இரண்டு, வரிசைகளைப் பார்க்கட்டும்.

"நாலாவதுதான் நீங்க முடிவு பண்ணணும்ணா" என்றார் ஹம்தான். "யார பாக்கணும்? வெளிய இருந்து வர்ற ஆளா, உள்ள இருக்கற கையா?"

தேவநாதன் நடையை நிறுத்தினார். ஹம்தான் விகல்பமில்லாமல்தான் கேட்டார், எல்லாக் கடைக்காரர்களிடமும் கேட்கிற கேள்விதான். வண்டி கைமாறுகிற இடம் மேசைதானே, அதற்கு மேலே ஒன்று வைத்தால் யார் எடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் இரண்டும் தெரியும், தன் யோசனை அதுதான் என்றார். தேவநாதன் அவசரமாக, வேண்டாம், பின்சுவருக்கு வையுங்கள் என்றார். பின்சுவர் வழியாக ஸ்கூட்டரை எப்படித் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று ஹம்தான் கேட்டார். பின்சுவருக்குப் பின்னால் ஒரு சாக்கடையும் சீமைக் கருவேலும்தான் இருக்கின்றன. வியாழக்கிழமை வந்து மாட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

புதன்கிழமை அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். வீட்டில் மனைவி, கேமராதான் வருதே இன்னும் இன்னா பேஜாரு என்று அலுத்துக்கொண்டாள். ஸ்டாண்டில் போன வாரத்து மெரூன் ஸ்கூட்டரின் இடம் இன்னும் காலியாகவே இருந்தது. அவர் வேறு வண்டியை அங்கே விடவில்லை, எதிரில் வரும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போனார். முனியம்மாள் அந்த வெற்றிடத்தையும் சேர்த்துப் பெருக்கினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹம்தான் வயரும் ஏணியுமாக வந்து இறங்கினார். நாலரை மணிக்குள் மூன்று கேமராவும் ஏறிவிட்டன. மேசை மேல் சின்ன மானிட்டர் ஒன்றை வைத்து ஒயரைச் செருகியதும், வாசலும் வரிசைகளும் மூன்று கட்டங்களாகத் தெரிந்தன. நாலாவது கட்டம் கறுப்பாக இருந்தது. வண்டி எடுக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துத் தலையைச் சரிசெய்தார்கள். தேவநாதன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். ஒரு கட்டத்திலிருந்து மறைந்து இன்னொரு கட்டத்தில் வந்தார், அதிலிருந்து மறைந்து முதல் கட்டத்துக்கே வந்தார்.

ஏணி மேலிருந்து ஹம்தான் நாலாவதை எங்கே மாட்டட்டும் என்று கேட்டார். பின்சுவர் என்றார் தேவநாதன். அதுவரை துடைப்பத்தோடு ஓரமாக நின்ற முனியம்மாள் நடுவில் வந்தாள். தன் ஸ்டூலை எடுத்து மேசைக்குப் பக்கத்தில், தான் வழக்கமாக உட்காருகிற இடத்தில் போட்டாள். போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, போட்டோ பிடிக்கப் போகிறவர்களைப் போல முகத்தை நிமிர்த்தினாள்.

"தம்பி, அத்த இங்க வை. என் மூஞ்சி நல்லாத் தெரியற மாதிரி வை" என்றாள். "ஒரு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் நான் இன்னா பண்றேன்னு ஊரே பாக்கட்டும். இது முந்தியே இருந்திருந்தா எனக்கு இந்தப் பேரு வந்திருக்குமா?"

குரலில் கோபம் இல்லை. அதைத்தான் தேவநாதனால் தாங்க முடியவில்லை. திருட்டுப் பட்டம் கட்டப்பட்ட ஒரு பெண், தன்னையே கண்காணிக்கச் சொல்லித் தானே கேட்டுக்கொள்கிறாள். அதற்கான காசையும் இவர் கொடுக்கிறார். முந்தியே இருந்திருந்தால் அந்தக் கேமராவில் என்ன விழுந்திருக்கும் என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, சீட்டைத் துடைத்து, சிரித்தபடி கொடுப்பது தெளிவாக விழுந்திருக்கும்.

அந்த நேரத்தில் சந்து முனையில் அருணா வந்தாள். வண்டி போன நாளிலிருந்து ஐந்தரை பஸ்ஸில் இறங்கி இந்தச் சந்து வழியாகத்தான் ஷேர் ஆட்டோவுக்கு நடந்து போகிறாள். ஸ்டாண்டுப் பக்கம் திரும்ப மாட்டாள். தேவநாதன் வாசலுக்கு ஓடினார். முழங்கால் வலித்தது. அம்மா என்று கூப்பிட்டு, உள்ளே வரச் சொன்னார். அவள் வாசல் கேமராவைப் பார்த்தாள், இப்போது வைத்து என்ன பயன் என்பதுபோல் லேசாகச் சிரித்தாள்.

"வண்டிய யாரும் திருடலம்மா" என்றார் தேவநாதன். "நான்தான் எடுத்துக் குடுத்தேன். உங்க வூட்டுக்காரருக்கு. முனிம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சாப்புடப் போனதா சொன்னது பொய்."

ஏணி மேல் ஹம்தான் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வண்டி எடுக்க வந்த இரண்டு பேர் சாவியைப் போடாமல் நின்றார்கள். தேவநாதன் திட்டு விழும் என்று காத்திருந்தார். பத்து நாளாக அதற்குத்தான் பயந்தார், இப்போது அது வந்தால் தேவலை என்றிருந்தது. அருணா திட்டவில்லை.

"எத்தினி மணிக்கு வந்தாரு? எந்தப் பக்கமா போனாரு?"

அவர் சொன்னார். பதினொன்றே முக்கால், புதுச்சேரி பஸ் வந்து நின்ற கையோடு. தாடி. நீலக்கட்டம் போட்ட சட்டை, வலது காலர் மடங்கியிருந்தது. கறுப்புப் பை, ஜிப் பாதி திறந்திருந்தது. புதுச் செருப்பு. கூட யாரும் இல்லை. சர்வீசுக்கு என்று சொன்னார், ஆனால் மெக்கானிக் கடைகள் இருக்கிற பக்கம் திரும்பவில்லை. ரோஷணை போகிற ரோட்டில்தான் திரும்பினார். எதுவும் மறக்கவில்லை. பதினைந்து நாளில் அழிகிற டிஸ்க் இல்லை அவருடையது. இத்தனை துல்லியமாக இத்தனை நாளும் உள்ளே வைத்துக்கொண்டு, தெரியாத மாதிரி நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

தன் வீடு இருக்கிற ரோஷணை என்றதும் அருணா கையால் துழாவிப் பிடிக்க எதையோ தேடினாள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. அதிலிருந்த பேப்பரோடு சேர்த்து அப்படியே உட்கார்ந்தாள்.

"வண்டி இல்லன்னு நான் சீக்கிரம் கிளம்பிடறேன்" என்றாள். அவரிடம் சொன்னதுபோல் இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது. "பத்து நாளா பாப்பா அந்த ரோட்டுலதான் ஸ்கூலுக்குத் தனியா நடந்து போய்க்கினு இருக்குது. பாப்பாவ நான் தர மாட்டேன்னுதான் கோர்ட்டுக்கே போனோம்."

ஒரு ஸ்கூட்டர், ஒரு பொய், ஒரு பெண்ணுக்குக் கெட்ட பேர், இவ்வளவுதான் என்று அவர் நினைத்திருந்தார். எட்டு வயசுக் குழந்தை ஒன்று புத்தகப் பையோடு அந்த ரோட்டில் பத்து நாள் நடந்தது அவருடைய எந்தக் கணக்கிலும் வரவில்லை. அருணா பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். முனியம்மாள் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் தடவை எடுத்தார்கள். பாப்பா வந்துவிட்டாள், மாடியில் விளையாடுகிறாள். அருணா, கீழே கூப்பிட்டுக் கதவைச் சாத்துங்கள், நான் வருகிறவரைக்கும் யார் வந்து கேட்டாலும் திறக்காதீர்கள் என்றாள். போனை வைத்த பிறகும் முனியம்மாளின் கையை விடவில்லை.

பிறகு எழுந்தாள். அண்ணனை வரச் சொல்லப்போவதாகவும், இப்போது சொன்னதை தேவநாதன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். தருகிறேன் என்றார். அன்னைக்கே நீங்க ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை, வாசலைத் தாண்டி ஆட்டோவை நோக்கி ஓடினாள். மானிட்டரின் முதல் கட்டத்தில் அவள் முகம் நன்றாகவே விழுந்தது.

தேவநாதன் முனியம்மாள் பக்கம் திரும்பினார். கையைக் கூப்பினார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அவரைப் பார்க்காமல் ஹம்தானைப் பார்த்து, இதெல்லாம் இதுல பதிஞ்சிருக்குமா தம்பி என்று கேட்டாள். வாசல் கேமராவில் பதிந்திருக்கும் அக்கா, ஆனால் சத்தம் பதியாது, படம் மட்டும்தான் என்றார் ஹம்தான். ஒரு ஆள் கையைக் கூப்பிக்கொண்டு நிற்பது தெரியும், என்ன சொன்னார் என்பது தெரியாது.

முனியம்மாள் தலையாட்டினாள். அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"இங்க சொன்னத எங்க தெருவுல வந்து சொல்லணும் கண்டக்டரே" என்றாள். "அங்க கேமரா இல்ல. நீங்கதான் வரணும்."

பஸ்கள் வருகிற நேரம். நாளைக்கு அமாவாசை, அதற்கான டோக்கன் அட்டைகள் கட்டுக் கட்டாக மேசையில் கிடந்தன. தேவநாதன் அரைமணி நேரம் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஹம்தானைக் கேட்டார். ஹம்தான் ஏணியிலிருந்து இறங்காமலே, மூணு கேமரா பாக்குது, நானும் பாக்கறேன், போய்ட்டு வாங்கணா என்றார்.

முனியம்மாள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். கிடங்கல் தெருமுனையில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். முனியம்மாள் அவர்களுக்கு நேரே போய் நின்று, அவர் வந்து சேருகிறவரைக்கும் காத்திருந்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்து, பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சொல்ல ஆரம்பித்தார்.

ஸ்டாண்டில் ஹம்தான் யாரையும் கேட்காமல் நாலாவது கேமராவை மேசைக்கு மேலே மாட்டினார். மானிட்டரின் கறுப்புக் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. ஸ்டூல் தெரிந்தது, அதன் பக்கத்தில் கசங்கிய பேப்பரோடு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி தெரிந்தது. இரண்டும் காலியாக இருந்தன.